துறைமுகம் இருந்தும் ஏன் இந்த நிலை? ஆட்சி அமைப்பும் வளர்ச்சியும் ஏற்றத்தாழ்வும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் படிப்பிக்கும் என்னிடம், பாடத்திட்டத்துக்குள் அடங்காத கேள்விகளே அதிகம் வருகின்றன. வகுப்பு முடிந்த பின் மாணவரும், பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வரும் பெற்றோரும், உவர்மலைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் சந்திக்கும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓர் ஊர் செழிப்பதையும் நலிவதையும், அந்த ஊருக்குள் செல்வம் யாரிடம் சேர்கிறது என்பதையும் ஆட்சி முறை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதே இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் வினா.

ஆட்சி நிறுவனம் என்றால் என்ன? கச்சேரியும் (மாவட்டச் செயலகமும்) பாராளுமன்றமும் தானா?

நிறுவனம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கம்பனியோ கட்டடமோ நினைவுக்கு வருகிறது. பொருளியலில் அச்சொல் விதிகளைக் குறிக்கிறது: யார் எதைச் செய்யலாம், யார் யாரைத் தடுக்கலாம், கொடுத்த வாக்கை மீறினால் என்ன நடக்கும் என்பவற்றை முன்கூட்டியே தெரியவைக்கும் எழுதிய சட்டங்களும் எழுதாத வழக்கங்களும் அதற்குள் அடங்கும். காணி அனுமதிப்பத்திரத்தை எவர், எந்த நிபந்தனையின் பேரில் வழங்க வேண்டும் என்ற ஒழுங்கு ஒரு நிறுவனம். அந்த ஒழுங்கு தாளில் இருந்தும், தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்தால்தான் கோவை மேசை விட்டு மேசை நகரும் என்றால், அந்த வழக்கமும் ஒரு நிறுவனமே. பல அலுவலகங்களில் இரண்டாவதுதான் முதலாவதை விட வலிமையானது.

இந்தப் பார்வையைப் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் டக்ளஸ் நோர்த் 1993 இல் நோபல் பரிசு பெற்றார். 2024 இல் அதே பரிசு டாரோன் அசெமோக்லு, சைமன் ஜோன்சன், ஜேம்ஸ் ரொபின்சன் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் எங்கே பெரும்பாலோரைச் சுரண்டுவதற்கான விதிகள் அமைக்கப்பட்டனவோ அங்கே அந்த விதிகள் சுதந்திரத்துக்குப் பின்னும் உயிரோடு இருந்து வளர்ச்சியைத் தடுத்தன என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம்.

இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகம் இங்கே இருக்க, கொழும்பு எப்படி முந்தியது?

என் மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆழமும் அரணும் இயற்கை கொடுத்தவை. ஆனால் தண்ணீருக்குப் பின்னால் உள்ள பாதையும் பண்டமும் சட்டமும் சேர்ந்தால்தான் அது வணிகத் துறைமுகமாகும். பிரித்தானியர் 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தபோது கடற்படைக்கு ஒரு தங்குமிடத்தையே தேடினார்கள். வணிகத்தின் வாசல் மேற்கே திறந்தது. மலையகத்தில் கோப்பித் தோட்டங்களில் முதலிட்டிருந்தவர்கள் குடியேற்ற அரசிடம் செல்வாக்கோடு இருந்தார்கள். அவர்களுடைய விளைபொருளை இறக்கிக் கொண்டுவர 1867 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் ஆசியக் கப்பற்பாதை முழுவதும் மாறியது. தென்மேற்குப் பருவக்காற்றின் அலையைத் தாங்கும் அரண் கொழும்புக்குக் கிடையாது. ஆகவே 1875 முதல் 1885 வரை கல்லைக் கொட்டி அலைதடுப்பு அணை கட்டினார்கள். இயற்கை தராததை அங்கே பணம் செலவழித்து உண்டாக்கிய அதே அரசு, இயற்கை தந்ததை இங்கே கடற்படைக்கென்று பூட்டி வைத்தது. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்ததோ 1920களின் இறுதியில்.

ஒருமுறை தண்டவாளம் போட்ட திசையிலேயே பிறகு வங்கியும் காப்புறுதியும் சுங்கமும் களஞ்சியமும் போகும். அவை சேர்ந்த இடத்துக்கே அடுத்த முதலீடும் வரும். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட பின்னும் துறைமுகத்தின் பெரும்பகுதி பாதுகாப்புக் கண்ணோடுதான் பார்க்கப்பட்டது. 1983 முதல் 2009 வரை போர். இடையில் ஆழமான தண்ணீரை நம்பி வந்த பிரிமா மாவு ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் இன்றுவரை வேலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் போர் முடிந்த கையோடு, 2010 இல், பெருங்கடன் பெற்றுப் புதிதாகத் தோண்டித் திறக்கப்பட்ட துறைமுகம் அப்போதைய ஜனாதிபதியின் சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில் அமைந்தது. 2017 இல் அது ஒரு சீனக் கம்பனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இன்றும் மேல் மாகாணத்திலிருந்தே வருகிறது. கிழக்கு மாகாணத்தின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்.

எண்ணெய்க் குதங்களை ஏன் இத்தனை காலம் காடு மூடிக் கிடக்க விட்டார்கள்?

திருகோணமலையை ஒட்டிய சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எரிந்த ஒன்று இன்னும் உருகிய இரும்பாகக் கிடக்கிறது. 1987 இல் இந்திய இலங்கை உடன்பாட்டுடன் பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே இவற்றை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைத்து இயக்கும் என்று எழுதப்பட்டது. 2003 இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 35 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுப்பதாக ஏற்பாடு நடந்தது. கீழ்த்தொகுதித் தாங்கிகள் பயன்பட்டன, மேல்தொகுதியில் மரம் வளர்ந்தது. 2022 ஜனவரியில்தான் 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு என்று பிரித்து ஒப்பமிட்டார்கள். கடிதத்துக்கும் பிரிப்புக்கும் இடையே 35 ஆண்டுகள்.

இந்தத் தாமதத்துக்கு இந்தியாவைக் குறை சொல்பவரும் உண்டு, தொழிற்சங்கங்களைக் குறை சொல்பவரும் உண்டு. என் கணிப்பில், ஓர் அரசு கொடுத்த வாக்கை அடுத்த அரசு காக்கும் என்று எவரும் நம்ப முடியாத நிலையே முதற்காரணம். பத்து ஆண்டில் பலன் தரும் முதலீட்டைச் செய்பவருக்கு ஐந்து ஆண்டுக்கு அப்பாலும் விதி மாறாது என்ற உறுதி வேண்டும். இதே மாவட்டத்துச் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 இல் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதிலே நிலக்கரி அனல்மின் நிலையம் என்றார்கள். 2016 இல் அதைக் கைவிட்டார்கள். 2025 இல் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இத்தனை தீர்மானங்களில் ஒன்றேனும் சம்பூர் மக்களிடம் கேட்டுத் தொடங்கப்பட்டதாக அங்கே எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புல்மோட்டை இல்மனைட் மண் இருக்கிறதே, அந்த வளம் எங்களைச் செல்வந்தராக்காதா?

இல்மனைட் என்னும் டைட்டேனியத் தாது கலந்த அந்த மணலை, அரசுக்குச் சொந்தமான கம்பனி ஒன்று பல பத்தாண்டுகளாக அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்துவருகிறது. பெறுமதி கூடுவதோ அதை நிறமியாகவும் உலோகமாகவும் மாற்றும் வெளிநாட்டு ஆலைகளில். பொட்ஸ்வானா 1966 இல் சுதந்திரம் பெற்றபோது மிக வறிய நாடு. பின்னர் கண்டெடுத்த வைரத்தின் வருமானத்தைப் பாதைக்கும் பாடசாலைக்கும் ஓரளவு ஒழுங்காகச் செலவிட்டு நடுத்தர வருமான நாடாயிற்று. அதே வைரம் சியரா லியோனில் போருக்குத் தீனியானது.

அனுமதிப்பத்திரக் காணிக்கும் உறுதிக் காணிக்கும் (முழு உரிமைப் பத்திரம் உள்ள காணிக்கும்) இடையிலான வேறுபாடு வளர்ச்சியைப் பாதிக்குமா?

பாதிக்கும், இங்கே பலருடைய வாழ்க்கையை நேரடியாகத் தொடுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இலங்கையின் நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் அரசுக்குச் சொந்தமானது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வறிய விவசாயிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்துக் காணி பகிரப்பட்டது; கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களில் உள்ள வயல்கள் பெரும்பாலும் இவ்வகையானவை. அந்தக் காணியை விருப்பம்போல் விற்கவும் ஈடு வைக்கவும் முடியாது. பிள்ளைகள் ஐவர் இருந்தாலும், தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளியாகப் பொதுவாக ஒருவரையே நியமிக்கலாம். வட்டிக்காரர் கையில் விவசாயியின் நிலம் போய்விடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடுதான் இப்படி எழுதினார்கள். ஆனால் பின்னுரித்தாளி பெயரிடப்படாத இடத்தில் மூத்த மகனுக்கே முதலிடம் என்றிருந்த ஏற்பாட்டினால் எத்தனையோ பெண்கள் தாம் உழைத்த காணியின் மேல் உரிமை இழந்தார்கள். 2022 இல்தான் அந்தப் பாகுபாட்டைத் திருத்தினார்கள்.

எங்கள் வீட்டிலும் ஓர் அனுமதிப்பத்திரம் இருந்தது. அம்மா அதை நான்காக மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்து, அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தா. உழவு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு அதை ஒரு வங்கிக்குக் கொண்டுபோனபோது, முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "இது உறுதி இல்லையே அம்மா, இதை வைத்து நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டு, மடிப்புக் குலையாமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்த தெருவில் உறுதிக் காணி வைத்திருந்தவருக்கு அதே கிழமை கடன் கிடைத்தது. இருவருடைய உழைப்பிலும் மண்ணிலும் பெரிய வேறுபாடு கிடையாது.

இதனால் எல்லோருக்கும் உறுதி எழுதிக் கொடுத்தால் வறுமை ஒழியும் என்று நான் சொல்லவில்லை. ஆர்ஜென்டினாவின் புவனஸ் ஐரஸ் புறநகரில், ஒரே குடியிருப்பில் சிலருக்கு உறுதி கிடைத்து அயலவருக்குக் கிடைக்காத நிலையை கலியானி, ஷார்க்ரொட்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உறுதி பெற்றவர்கள் வீட்டைத் திருத்தினார்கள், பிள்ளைகளை அதிகம் படிப்பித்தார்கள். வங்கிக் கடன் மட்டும் சொற்பமாகவே கூடியது. நிரந்தர வருமானம் இல்லாதவருக்கு வங்கி வேறு காரணம் சொல்லும். போரில் இடம்பெயர்ந்தபோது பத்திரத்தையே தொலைத்தவர்களும், திரும்பி வந்து பார்க்கையில் தம் வயல் வனத்திணைக்கள எல்லைக்குள்ளோ தொல்லியல் எல்லைக்குள்ளோ போயிருக்கக் கண்டவர்களும் இங்கே உண்டு. அவர்களுக்குக் கடனை விட முந்திய கேள்வி, அடுத்த போகத்துக்கு விதைக்க விடுவார்களா என்பது.

ஜனநாயகம் இருந்தால் வளர்ச்சி வந்துவிடுமா? சிங்கப்பூர் போல ஒரு கடுமையான தலைவர் போதாதா?

சிங்கப்பூரில் லீ குவான் யூவைப் பார்க்கிறவர்கள் அவருக்குப் பின்னால் நின்றவற்றைப் பார்ப்பதில்லை. ஊழல் விசாரணைப் பணியகம் 1952 இலேயே உருவாகிவிட்டது. வீடமைப்புச் சபை 1960 இல் வந்தது. வணிக ஒப்பந்தத்தை மீறியவர் யாராக இருந்தாலும் நீதிமன்றம் விடாது என்ற நம்பிக்கை இருந்தது. அரசியல் சுதந்திரம் குறுகியிருந்தது உண்மை, ஆனால் விதி முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதோடு ஒரு லீ குவான் யூவை எண்ணும்போது, சயீரை 1965 முதல் 1997 வரை ஆண்டு சூறையாடிய மொபுட்டுவையும் பிலிப்பைன்சின் மார்க்கோசையும் சேர்த்து எண்ண வேண்டும். கடுமையான தலைவர் என்பது சீட்டிழுப்பு. விழுந்த சீட்டை மாற்ற வழியில்லாத சீட்டிழுப்பு.

அசெமோக்லுவும் இன்னும் மூன்று ஆய்வாளர்களும் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளின் ஆள்வீத உற்பத்தி ஏறத்தாழ 25 ஆண்டுகளில், மாறாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதை விடச் சுமார் 20 சதவீதம் உயர்ந்ததாகக் கணித்தார்கள். 25 ஆண்டில் 20 சதவீதம் என்பது பெரிய அற்புதம் ஒன்றும் அல்ல. சீனா ஜனநாயகம் இல்லாமலே பாய்ந்து வளர்ந்தது; தென்கொரியாவின் தொழில்மயமாக்கலின் பெரும்பகுதி 1987 இல் ஜனநாயகம் மீள்வதற்கு முன்பே நடந்தது. ஆனால் சுதந்திரப் பத்திரிகையும் தேர்தலும் இயங்கும் ஜனநாயக நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்று அமர்த்தியா சென் காட்டியதையும் மறந்துவிடக் கூடாது.

எங்கள் நாட்டில் வாக்குரிமை ஏற்றத்தாழ்வைக் குறைத்ததா, கூட்டியதா?

இரண்டையும் செய்தது. டொனமூர் யாப்பின் கீழ் 1931 இல் இங்கே சர்வசன வாக்குரிமை வந்தது; பிரித்தானியப் பெண்களுக்குச் சம வாக்குரிமை கிடைத்து மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. வாக்குக் கேட்டுக் குடிசைக்கு வர வேண்டியிருந்த அரசியல்வாதி, குடிசைக்கு ஏதாவது கொண்டுவரவும் வேண்டியிருந்தது. 1945 இல் இலவசக் கல்வி, பிறகு கிராமங்கள் தோறும் வைத்தியசாலை. வருமானத்தில் நம்மை ஒத்த நாடுகளை விட எழுத்தறிவிலும் ஆயுளிலும் நாம் முன்நின்றதன் வேர் அங்கே இருக்கிறது.

அதே பெரும்பான்மை வாக்கு, தடுப்பு எதுவும் இல்லாத இடத்தில், 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது; 1956 இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கி, அரச வேலையை நம்பிப் படித்த தமிழருக்குக் கதவை ஒடுக்கியது; 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளியை மொழிவாரியாக வேறுபடுத்தும் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. இந்த இடத்தில் ஒரு சங்கடமான உண்மையையும் சொல்ல வேண்டும். தரப்படுத்தலைத் தொடர்ந்து வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாண மாணவரைப் பாதித்தது. திருகோணமலை மாணவருக்கு அது பயன் தருகிறது. இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகிறது. நமது மாவட்டம் அப்பட்டியலில் இருக்கிறது. என்னிடம் படித்து வைத்தியரானவர்களில் சிலர் அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் உள்ளே போயிருக்க மாட்டார்கள். ஒரே விதி ஓர் ஊரில் அநீதியாகவும் இன்னோர் ஊரில் ஏணியாகவும் இருக்க முடியும்.

2022 நெருக்கடி கடனால் வந்ததா, ஆட்சி முறையால் வந்ததா?

கடன் விறகு, அதற்குத் தீ வைத்த தீர்மானங்கள் தடுப்பார் இல்லாமல் எடுக்கப்பட்டவை. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. குறையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது. 2020 ஒக்டோபரில் அரசியல் யாப்பின் 20 ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கட்டியிருந்த கயிறுகளைத் தளர்த்தியது. 2021 மேயில் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை. மூதூரிலும் கிண்ணியாவிலும் வயல் செய்பவர் எவரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். கேட்க வேண்டும் என்ற கட்டாயம் ஆட்சிமுறையில் இல்லை. அந்தப் பெரும்போக விளைச்சல் நாடு முழுவதும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது.

இந்த ஊருக்கு அந்த நாட்கள் இரண்டு காட்சிகளாக நினைவிருக்கின்றன. மே மாதத்தில் பதவி விலகிய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, கொழும்பில் மக்கள் சூழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, இங்குள்ள கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டார். பிரித்தானியர் அரணுக்காகத் தேடிய அதே துறைமுகம். ஒகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தொழிலுக்குப் போகும் குடும்பங்கள் பிளாஸ்டிக் கான்களுக்குக் கயிறு கட்டி வரிசையில் வைத்துவிட்டு, இரவிரவாக வீதியோரத்தில் படுத்தன. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ உள்ளிட்டோர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசின் செலவுக்காகப் பணம் அச்சிடுவதைக் கட்டுப்படுத்தியது. கயிற்றை மீண்டும் கட்டுவது என்பது இதுதான். அடுத்த பாராளுமன்றம் அவிழ்க்காதிருந்தால்.

மாகாண சபை இங்கே இருந்தும் என்ன மாறியது?

1987 இன் 13 ஆம் திருத்தம் காணியையும் மாகாண அதிகாரங்களுள் எழுதியது. அதற்கென அமைக்கப்பட வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் சொல்ல, 2007 முதல் கிழக்கு தனி மாகாணமாயிற்று. 2008 இலும் 2012 இலும் தேர்தல் நடந்தது. 2017 இல் சபையின் காலம் முடிந்த பின் வாக்கெடுப்பே இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கீழ் மாகாணம் நடக்கிறது. தானே வரி திரட்ட வழி குறைந்து, கொழும்பு அனுப்பும் நிதியை நம்பி வாழும் சபை, தேர்தல் நடந்தாலும் எவ்வளவு செய்யும் என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் வராத பாதைக்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்பதாவது அப்போது தெரிந்திருந்தது.

வரிச்சுமை உண்மையில் யார் தலையில் விழுகிறது?

கடையில் சவர்க்காரம் வாங்குகிற எல்லோர் தலையிலும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். கரைவலை இழுப்பவரும் விடுதி முதலாளியும் ஒரே கட்டிக்கு ஒரே வரி கட்டுகிறார்கள்; முதலாமவரின் நாட்கூலியில் அது பெரிய துண்டு. 2019 ஆம் ஆண்டின் வீட்டு வருமான ஆய்வின்படி, மேல் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கு மொத்த வருமானத்தில் பாதிக்கும் சற்று அதிகமாகவும், அடியில் உள்ள ஐந்தில் ஒரு பங்குக்கு 5 சதவீதத்துக்கும் குறைவாகவும் போய்ச் சேர்ந்தது. வருமான வரியை விட இவ்வகை வரியே அரசுக்கு எளிது என்பதால், ஆட்சி எது வந்தாலும் கை அங்கேயே போகிறது.

எங்கள் ஆட்கள் சோம்பேறிகள், இந்த வெயிலில் என்ன உழைக்க முடியும் என்கிறார்களே?

கொரியத் தீபகற்பம் 1945 இல் பிரிந்தபோது இரு பக்கமும் ஒரே மொழி, ஒரே பண்பாடு, ஏறத்தாழ ஒரே வறுமை. கனிமமும் தொழிற்சாலையும் வடக்கில்தான் அதிகம் இருந்தன. இன்றைய வித்தியாசம் வெயிலால் வந்தது அன்று. புவியியலை நான் அடியோடு ஒதுக்கவில்லை. நோயும் கடலிலிருந்து உள்ள தூரமும் பெரிய காரணிகள் என்று ஜெஃப்ரி சாக்ஸ் போன்றோர் வாதிடுவதில் பொருளுண்டு. ஆனால் ஆழ்கடல் வாசலில் குடியிருக்கும் நம்மிடம் அந்தச் சாட்டு எடுபடாது.

அரசு இல்லாமல் மக்களே ஒழுங்கு செய்துகொள்ள முடியாதா?

முடியும், வாய்க்காலுக்குப் போய்ப் பாருங்கள். போகம் தொடங்கும் முன் ஆரம்பக் கூட்டத்தில் எந்தத் திகதிக்குத் தண்ணீர் திறப்பது, எந்த வயது நெல்லு விதைப்பது, எந்தக் கிழமைக்குள் மாடுகளை அப்புறப்படுத்துவது என்றெல்லாம் விவசாயிகளும் அலுவலர்களும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை முறை பார்த்துத் தண்ணீர் விடுகிறார். கடைமடைக்காரன் இரவில் மண்வெட்டியோடு காவல் இருக்கிறான். பொதுவான வளத்தை மக்களே விதி செய்து காக்க முடியும் என்று நிறுவிய எலினோர் ஒஸ்ட்ரொம் 2009 இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்த விதிக்கு மேலே உள்ள அதிகாரம் உடைந்தால் வாய்க்காலும் உடையும்: 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசு (மதகு) மூடப்பட்டதும், தண்ணீர்த் தகராறு போராக மாறியதும் இந்த மாவட்டத்தில்தான்.

கடலில் இந்த ஒழுங்கு இன்னும் கடினம். சுருக்குவலைக்காரர் ஒரே வளைப்பில் அள்ளுவதைக் கண்டு கரைவலைக்காரரும் சிறு வள்ளக்காரரும் முறையிடுகிறார்கள். அனுமதிப்பத்திரத்தில் எத்தனை கடல்மைலுக்கு அப்பால் என்று எழுதியிருந்தாலும், இரவில் அந்த எல்லையை யார் அளப்பது?

சின்ன ஊர் விடயங்களில் கூட இதெல்லாம் தெரியுமா?

அங்கேதான் தெளிவாகத் தெரியும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, படகுப்பாதைக்காகக் கரையில் காத்து நின்றே எங்கள் தலைமுறை பாதி ஆயுளைக் கழித்தது. நோயாளியை ஏற்றிய வாகனமும், சந்தைக்குப் போகும் மரக்கறியும், பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்பார்கள். 396 மீற்றர் நீளப் பாலம், சவூதி நிதியுதவியோடு வந்ததும், கிண்ணியா மரக்கறி விடியுமுன் நகரச் சந்தைக்கு வரத் தொடங்கியது. மறுபக்கம் குறிஞ்சாக்கேணி: பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்காகப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில் மக்கள் மிதவைப் படகை நம்பிப் போனார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பாலத்துக்கு ஒரு திணைக்களம், படகுக்கு அனுமதி கொடுப்பது இன்னொரு சபை, பாதுகாப்பைப் பார்ப்பது யார் என்று எவருக்கும் தெளிவில்லை. வசதி உள்ளவர் சுற்றுப் பாதையால் மோட்டார் சைக்கிளில் போனார். இல்லாதவர் படகில் ஏறினார்.

சாதாரண ஒருவர் இதில் என்ன செய்ய முடியும்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். நான் கண்டவரையில் பணச்செலவு மிகக் குறைந்த வழி அதுதான். பிரதேச சபை முதல் அமைச்சு வரை எந்த அரச அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோரிக்கை கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மறுத்தால் அதே இடத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி, தன் ஒழுங்கையில் கட்டிய வடிகானின் மதிப்பீட்டைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினாள். "உங்களுக்கு இது ஏன் தங்கச்சி?" என்று மேசையில் இருந்தவர் கேட்டாராம். அவள் பற்றுச்சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பக்கப் பதில் வந்தது. அண்ணனும் தங்கையுமாக அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தபோது, தாளில் உள்ள வடிகானை விடத் தரையில் உள்ளது பத்துப் பன்னிரண்டு மீற்றர் குறைவாக இருந்தது. அதையும் எழுதிக் கொடுத்தாள். அடுத்த கிழமை மீண்டும் அளவெடுக்க ஆள் வந்தது; மழைக்கு முன் மிச்சத் துண்டையும் கட்டினார்கள்.